ஓட்டுக்கு ஒரே மதிப்பு; மனிதருக்கு?

நவம்பர் 26 வந்தால் அரசு அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் அரசியல் சட்டத்தின் முகவுரை வாசிக்கப்படுகிறது. 2015 முதல் அந்த நாள் அரசியல் சட்ட தினமாகக் கொண்டாடப்பட்டு வருகிறது. 2023 செப்டம்பர் 15 அன்று கர்நாடக அரசும் மாநிலம் முழுவதும் முகவுரையைக் கூட்டாக வாசிக்க ஏற்பாடு செய்தது. நீதி, சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்ற நான்கு சொற்களை மேலதிகாரியும் கடைநிலை ஊழியரும் ஒரே வரிசையில் நின்று சொல்கிறார்கள். நல்ல காரியம்தான்.

வாசித்து முடித்த பிறகு என்ன நடக்கிறது? வைட்ஃபீல்டில் வானளாவ எழுந்து நிற்கும் அடுக்குமாடிக் குடியிருப்புகளில், வீட்டு வேலைக்கு வரும் பெண்ணுக்குத் தனி லிப்ட் காட்டப்படுகிறது. மாடி மாடியாகச் செங்கல் சுமந்து அந்தக் கட்டடத்தை எழுப்பியவர், அது முடிந்த மறுநாள் காவலாளியின் அனுமதி இல்லாமல் உள்ளே நுழைய முடியாது. கழிவறையைக் கழுவுகிறவர் அதே கழிவறையைப் பயன்படுத்தத் தயங்குகிறார். தேர்தல் நாளில் மட்டும் இவர்கள் எல்லாரும் ஒரே வரிசை. மாலையில் ஓட்டுச் சாவடி மூடப்பட்டதும் வரிசை கலைந்துவிடுகிறது. ஏணி திரும்பி வந்துவிடுகிறது.

இது இப்படித்தான் ஆகும் என்று முன்னதாகவே கணித்துச் சொன்னவர் ஒருவர் உண்டு. சட்டம் நிறைவேறிய நவம்பர் 26 அனைவருக்கும் நினைவிருக்கிறது. அதற்கு முந்தின நாள், 1949 நவம்பர் 25 அன்று, டில்லியில் அரசியல் நிர்ணய சபையில் டாக்டர் அம்பேத்கர் ஆற்றிய உரைதான் மறந்துபோயிற்று. இந்த நாட்டில் சம உரிமை பற்றிப் பேசப்பட்ட உரைகளில் அதற்கு இணையானவை மிகச் சில. முகவுரையை வாசிக்கிறவர்கள் அந்த உரையையும் சேர்த்து வாசித்தால்தான், தாங்கள் உரக்கச் சொன்ன சொற்களின் பாரம் புரியும்.

அலுவலகக் குறிப்பு போல ஒரு தொடக்கம்

தமிழ் வாசகருக்கு மேடைப் பேச்சு புதிதல்ல. அடுக்கு மொழியிலும் எதுகை மோனையிலும் கூட்டத்தை மணிக்கணக்கில் கட்டிப்போட்ட பேச்சாளர்களைக் கேட்டு வளர்ந்த சமுதாயம் இது. அந்தப் பழக்கத்தோடு அம்பேத்கரின் உரையை எடுத்துப் படித்தால் முதலில் ஏமாற்றமே உண்டாகும். அது கணக்கோடு தொடங்குகிறது. 1946 டிசம்பர் 9ஆம் தேதி சபை முதன்முதலாகக் கூடியது. வரைவுக் குழு 141 நாள் உட்கார்ந்தது. வந்த திருத்தங்கள் 7,635. அவற்றில் சபையில் முன்மொழியப்பட்டவை 2,473. முடிவில் நின்றவை 395 விதிகளும் 8 அட்டவணைகளும். ஒரு தலைமைக் குமாஸ்தா மேலதிகாரியின் முன் வைக்கும் குறிப்பு போலவே இருக்கிறது.

அடுத்தபடியாக அவர் செய்வது இன்னும் கவனிக்கத்தக்கது. வரைவுக் குழுவின் 7 பேரில் ஒருவர் விலகினார், ஒருவர் இறந்தார், ஒருவர் அமெரிக்காவில் இருந்தார், மற்றவர்கள் வேறு அலுவல்களில் மூழ்கியிருந்தார்கள், கடைசியில் சுமை முழுவதும் அம்பேத்கரின் தோளில் விழுந்தது என்று 1948 நவம்பர் 5 அன்று சபையிலேயே எடுத்துச் சொன்னவர் தமிழகத்து டி.டி. கிருஷ்ணமாச்சாரி. அப்படிச் சுமந்தவர் தமக்குப் பேச வாய்ப்பு வந்தபோது பெருமையைப் பிறருக்குப் பங்கிட்டார். ஆலோசகர் பி.என். ராவுக்கு நன்றி சொன்னார். சட்ட வாசகங்களை எழுதித் தந்த எஸ்.என். முகர்ஜியைப் புகழ்ந்தார். முகர்ஜியின் கீழ் சில நாள் நள்ளிரவு தாண்டியும் உழைத்த அலுவலக ஊழியர்களை மறக்காமல் குறிப்பிட்டார். தம்மை எதிர்த்து வாதாடியவர்களுக்கும், அவர்கள் இல்லாவிட்டால் விவாதம் சுவையற்றுப் போயிருக்கும் என்று நன்றி கூறினார்.

இதைச் சம்பிரதாயம் என்று தள்ளிவிடக் கூடாது. பின்னால் கடுமையான எச்சரிக்கை வரப்போகிறது. வக்கீல் அதற்கு முன் தம் வாதத்துக்குத் தளம் போடுகிறார். கணக்கில் பிசகாதவர், பிறர் உழைப்பை மறைக்காதவர், எதிரியையும் மதிப்பவர் என்று கேட்கிறவர்கள் மனத்தில் பதிந்த பிறகுதான் அவர் குரல் மாறுகிறது. சட்டம் எவ்வளவு நல்லதாயிருந்தாலும் அதை நடத்துகிறவர்கள் கெட்டவர்களானால் அதுவும் கெட்டுப்போகும் என்கிறார். பெற்ற சுதந்திரத்தை இந்தியா இரண்டாவது தடவையும் இழந்துவிடுமோ என்ற கேள்வியை எழுப்புகிறார். முன்பு இழந்தது வெளியாரின் வலிமையால் மட்டுமல்ல, உள்ளே இருந்தவர்களின் துரோகத்தாலும்தான் என்று சிந்து மன்னர் தாஹிரின் தளபதிகள் லஞ்சம் வாங்கிய கதையை எடுத்துக் காட்டுகிறார். வெற்றி விழாவில் வாழ்த்துரை எதிர்பார்த்திருந்த சபைக்கு இது எப்படி இருந்திருக்கும்!

மூன்று எச்சரிக்கைகள்

ஜனநாயகம் பெயரளவில் மட்டுமின்றி உண்மையிலும் நிலைக்க வேண்டுமானால் 3 காரியங்களைச் செய்ய வேண்டும் என்றார் அம்பேத்கர்.

முதலாவது, சமூகப் பொருளாதார நோக்கங்களை அடையச் சட்ட வழிகளையே பற்றி நிற்பது. சட்ட மறுப்பு, ஒத்துழையாமை, சத்தியாக்கிரகம் ஆகியவற்றுக்கு இனி இடம் இல்லை என்றார். ஆலைத் தொழிலாளிக்கு இது உறுத்தலாம். வேலை நிறுத்தம் கூடாதென்கிறாரா என்று கேட்கத் தோன்றும். தொழிலாளர் உரிமையைப் பறிக்கிறது என்று அவர் கருதிய தொழில் தகராறு மசோதாவை எதிர்த்து 1938 நவம்பர் 7 அன்று பம்பாயில் ஒரு நாள் வேலை நிறுத்தத்தை முன்னின்று நடத்தியவர்களில் அவரும் ஒருவர். 1927ல் மஹாட் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடிக்கத் தம் மக்களை அழைத்துச் சென்றவரும் அவரே. சட்ட வழி அடைபட்டிருந்த காலத்தில் மற்ற வழிகளுக்கு நியாயம் இருந்தது என்பதை அந்த உரையிலேயே ஒப்புக்கொள்கிறார். வாசல் திறந்த பிறகு சுவரேறிக் குதிக்க வேண்டாம் என்பதுதான் அவர் சொன்னது. திறந்த வாசலை மீண்டும் அடைக்காமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு ஆளுகிறவர்களுடையது என்பதும் அதற்குள் அடக்கம்.

இரண்டாவது, எவ்வளவு பெரிய மனிதராயினும் அவர் காலடியில் சுதந்திரத்தை வைத்துவிடக் கூடாது என்பது. பக்தி மதத்தில் முக்திக்கு வழியாகலாம். அரசியலில் அது தாழ்வுக்கும் பின்னர் சர்வாதிகாரத்துக்குமே வழி என்பது அவர் கருத்து. தலைவர்களுக்குப் பாலாபிஷேகம் செய்து பழகியவர்களுக்கு இது கசக்கும். இதில் வேதனையான வேடிக்கையும் உண்டு. இப்படி எச்சரித்தவருக்கே ஊர் ஊராகச் சிலை வைத்து, ஆண்டுக்கு இரண்டு தரம் மாலை போட்டு, அவர் சொன்னதைப் படிக்காமல் விடுவதும் அந்தப் பக்தியின் இன்னொரு உருவமே. சிலைக்கு அவசியம் இல்லாமல் இல்லை. தலை நிமிர்ந்து நடக்க முடியாதிருந்தவர்களுக்குத் தெருமுனையில் அந்தச் சிலை ஒரு தைரியம். ஆனால் மாலையோடு கடமை முடிந்தது என்றால் ஏமாந்தவர்கள் மாலை போட்டவர்களே.

மூன்றாவதுதான் உரையின் உயிர். வெறும் அரசியல் ஜனநாயகத்தோடு திருப்தி அடையக் கூடாது. அதைச் சமூக ஜனநாயகமாக்க வேண்டும் என்கிறார். 1950 ஜனவரி 26 முதல் நாடு ஒரு முரண்பாட்டு வாழ்க்கைக்குள் நுழையப்போகிறது என்று தேதி குறித்துச் சொல்கிறார். அரசியலில் சமத்துவம், சமூகத்திலும் பொருளாதாரத்திலும் ஏற்றத் தாழ்வு. ஒருவருக்கு ஓர் ஓட்டு, ஒவ்வோர் ஓட்டுக்கும் ஒரே மதிப்பு என்பது அரசியலில் நடக்கும். ஒவ்வொரு மனிதருக்கும் ஒரே மதிப்பு என்பது வாழ்க்கையில் நடக்காது. இந்த முரண்பாடு எத்தனை காலம் நீடிக்க முடியும் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார். நீண்ட காலம் நீடித்தால், தாழ்த்தி வைக்கப்பட்டவர்கள் இவ்வளவு பாடுபட்டுக் கட்டிய அரசியல் ஜனநாயகத்தையே தகர்த்துவிடுவார்கள் என்று முடிக்கிறார்.

அலங்காரம் எதுவும் இல்லை. ஒரு தேதி, ஒரு ஒப்பீடு, ஒரு கேள்வி; அவ்வளவே. ஆனாலும் 75 ஆண்டுகளுக்குப் பின்பும் படிக்கிறவரை நிமிர்ந்து உட்கார வைக்கிறது. காரணம், அந்தக் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

திரும்பி வந்த செக்

இதே வேலையை வேறு பாணியில் செய்த உரை ஒன்று உலகப் புகழ் பெற்றது. 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் லிங்கன் நினைவிடத்தின் முன் சுமார் 2,50,000 பேர் கூடியிருக்க, மார்ட்டின் லூதர் கிங் பேசிய பேச்சு அது. தமக்கு ஒரு கனவு உண்டு என்று அவர் அடுக்கடுக்காகச் சொன்ன பகுதியைத்தான் உலகம் நினைவில் வைத்திருக்கிறது. பாதிரியாரான அவருடைய குரலில் தேவாலயப் பிரசங்கத்தின் ஏற்ற இறக்கம் இருந்தது. தமிழ் மேடையின் அடுக்கு மொழி தெரிந்தவர்களுக்கு அதன் ஓட்டம் உடனே பிடிபடும்.

கனவுக்கு முன்னால் அவர் பேசியது கடனைப் பற்றி என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அமெரிக்காவின் சுதந்திரப் பிரகடனமும் அரசியல் சட்டமும் குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் எழுதித் தந்த புரோநோட்டு என்றார். கறுப்பின மக்கள் அதைக் கொண்டுபோய் நீட்டியபோது, கணக்கில் பணம் இல்லை என்று திரும்பி வந்த செக்கைத்தான் நாடு அவர்கள் கையில் கொடுத்தது என்றார். நீதியின் வங்கி திவாலாகிவிட்டது என்று நம்ப மறுப்பதாகவும், பணமாக்கிக் கொள்ளவே தலைநகருக்கு வந்திருப்பதாகவும் சொன்னார். மாதக் கடைசியில் திரும்பி வரும் செக்கின் அவமானம் தெரிந்த எந்தக் குமாஸ்தாவுக்கும், புரோநோட்டில் கைநாட்டு வைத்த எந்தத் தொழிலாளிக்கும் இதற்கு விளக்கவுரை வேண்டியதில்லை. கெஞ்சுகிறவர் குரல் அல்ல அது. பாக்கியைக் கேட்கிறவர் குரல்.

லிங்கனின் விடுதலைப் பிரகடனம் வந்து 100 ஆண்டு கழித்துக் கிங் இதைக் கேட்டார். அடுத்த ஆண்டு, 1964ல், குடியுரிமைச் சட்டம் வந்தது. 1965ல் ஓட்டுரிமைச் சட்டம் வந்தது. அமெரிக்காவில் ஓட்டுக்காகவே போராட வேண்டியிருந்தது. இந்தியாவில் ஓட்டு எல்லாருக்கும் ஒரே நாளில் சட்டத்தில் கிடைத்துவிட்டது, மதிப்புத்தான் வரவில்லை. கிங் 1959ல் இந்தியா வந்தபோது கேரளத்தில் ஒரு பள்ளித் தலைமையாசிரியர் அவரை அமெரிக்காவிலிருந்து வந்த தீண்டப்படாதவர் என்று மாணவர்களுக்கு அறிமுகம் செய்தாராம். முதலில் அதிர்ந்ததாகவும், பிறகு அது உண்மைதான் என்று உணர்ந்ததாகவும் 1965ல் ஒரு பிரசங்கத்தில் அவரே சொன்னார். இரண்டு நாடுகளின் இரண்டு கணக்குகளும் ஒரே பேரேட்டில் சேர்ந்த இடம் அது.

அம்பேத்கரும் கிங்கும் செய்தது ஒன்றே. நாடு தானே எழுதிக் கையெழுத்திட்ட பத்திரத்தை எடுத்து நாட்டின் முன்னே வைத்தார்கள். ஒருவர் தணிக்கை அதிகாரியைப் போல, பத்திரம் எழுதிய மை காயும் முன்பே, இது நிறைவேறாவிட்டால் என்ன ஆகும் என்று சொன்னார். மற்றவர் கடன் கொடுத்தவரைப் போல, தவணை கடந்த பிறகு வந்து கேட்டார்.

சுவரில் ஒட்டாத வர்ணம்

அம்பேத்கர் சமத்துவத்தோடு நிறுத்தவில்லை. சகோதரத்துவம் இல்லாவிட்டால் சுதந்திரமும் சமத்துவமும் மேலே பூசிய வர்ணத்தைவிட ஆழமானவை அல்ல என்றார். தருமபுரியிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் வந்து வைட்ஃபீல்டில் கொத்து வேலையும் பூச்சு வேலையும் செய்கிறவர்களுக்கு இதன் பொருள் புத்தகம் படித்தவர்களைவிட நன்றாகப் புரியும். சுவரில் ஈரம் இருந்தால் எந்தக் கம்பெனி வர்ணமும் நிற்காது; முதல் மழையிலேயே உரிந்துவிடும்.

பெங்களூர்த் தமிழர்கள் அந்த மழையைப் பார்த்தவர்கள். 1991 டிசம்பரிலும் 2016 செப்டம்பரிலும் காவிரியின் பெயரால் இந்நகரில் நடந்தவை மறக்கக் கூடியவை அல்ல. இந்தியாவின் எந்தப் பகுதியிலும் வசிக்கவும் குடியேறவும் 19ஆவது விதி உரிமை தந்திருந்தும், அந்த நாட்களில் பலர் கடையின் பெயர்ப் பலகையை மறைக்க வேண்டியிருந்தது. காவலுக்குப் போலீஸ் வந்தது. ஆனால் பல தெருக்களில் உண்மையான காவல் பக்கத்து வீட்டுக் கன்னடக் குடும்பம்தான். அல்சூர் ஏரிக்கரையில் 18 ஆண்டு திரை மூடி நின்ற திருவள்ளுவர் சிலை 2009 ஆகஸ்ட் 9 அன்று திறக்கப்பட்டதும், 4 நாள் கழித்துச் சென்னையில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலை திறக்கப்பட்டதும் சகோதரத்துவத்தின் சிறிய தவணைகள். அவை கோர்ட்டு உத்தரவால் வந்தவை அல்ல. இரு பக்கமும் இறங்கி வந்ததால் வந்தவை.

ஆனால் பாக்கியைக் கேட்கிறவர் தம் பாக்கியையும் பார்க்க வேண்டும். ஏற்றத் தாழ்வு இந்த நாட்டில் படிப்படியாக அமைந்திருக்கிறது என்று அந்த உரையில் அம்பேத்கர் குறிப்பிட்டார். மேலே இருப்பவர் மிதிக்கிறார் என்று நோகிறவர், தம் காலடியில் யார் இருக்கிறார் என்று குனிந்து பார்ப்பதில்லை. அந்த ஏணி ஓசூர் எல்லையைத் தாண்டும்போது கழன்று விழுந்துவிடவில்லை. வாடகைக்கு அறை பிடிக்கப் போனால், தமிழரே தமிழரிடம் சொந்த ஊர் எது, அந்த ஊரில் எந்தத் தெரு என்று கேட்கிறார். தெருவைக் கேட்பதன் பொருள் இரண்டு பேருக்குமே தெரியும்.

விடியும் முன் மாரிக்குப்பத்திலிருந்து புறப்பட்டு வைட்ஃபீல்டு வழியாகப் பெங்களூர் போகும் ரயிலில் வருகிறவர்களைக் கேட்டால் இன்னும் சொல்வார்கள். 2001 பிப்ரவரி 28 அன்று கோலார் தங்கச் சுரங்கம் மூடப்பட்ட பின் வேலை தேடித் தினமும் இப்படி வந்துபோகிற தமிழ்க் குடும்பங்கள் அவை. அந்தத் தங்கவயலின் மாரிக்குப்பத்தில்தான் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த சங்கத்துக்குக் கிளை இருந்தது. பண்டிதர் 1907ல் தொடங்கிய பத்திரிகை அங்கே படிக்கப்பட்டது. பழைய பௌத்த சங்கங்களில் தீர்மானம், ஓட்டெடுப்பு, கோரம் எல்லாம் இருந்தன, ஜனநாயகம் இந்த நாட்டுக்குப் புதிதல்ல என்று 1949ல் அம்பேத்கர் சபையில் சொன்னார். அந்தப் பௌத்தத்தைச் சுரங்கத் தொழிலாளர்கள் அதற்கு 40 ஆண்டு முன்பே கையில் எடுத்திருந்தார்கள். அவர்களுடைய பேரப் பிள்ளைகளிடம் அறை கொடுக்கத் தெரு கேட்பது எந்த நியாயம்?

இன்னொரு பக்கமும் உண்டு. இன்று வைட்ஃபீல்டில் சிமெண்டு சுமப்பவர்களில் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் மேற்கு வங்கத்திலிருந்தும் வந்தவர்கள் ஏராளம். முன்பு தமிழர் இருந்த தகரக் கொட்டகையில் இன்று அவர்கள் இருக்கிறார்கள். முன்பு தமிழரைப் பார்த்துச் சொல்லப்பட்ட ஏளனப் பேச்சை இன்று தமிழ் மேஸ்திரி அவர்களைப் பார்த்துச் சொல்கிறார். கூலியில் பிடித்தமும் அதே முறையில்தான் நடக்கிறது. தமக்கு வந்த செக் திரும்பியது என்று அழுதவர், அடுத்தவருக்கு அதே செக்கை எழுதிக் கொடுக்கலாமா?

பிறர் மேல் போட முடியாத பழி

வைட்ஃபீல்டு என்ற பெயரே வந்தவர்களின் கதை. 1882ல் மைசூர் மகாராஜா சாமராஜ உடையார் 3,900 ஏக்கர் நிலத்தை ஆங்கிலோ இந்தியர் சங்கத்துக்கு அளித்தார். இரண்டு சமுதாயத்திலும் முழு இடம் கிடைக்காத அவர்கள், தங்களுக்கென்று ஓர் ஊர் வேண்டுமென்று வந்து குடியேறினார்கள். அன்றும் இந்த மண்ணில் கன்னடக் கிராமங்கள் இருந்தன. அவை இடம் கொடுத்தன. இடம் கொடுத்த மண்ணின் மொழியை நாலு வார்த்தையாவது பேசக் கற்பது வந்தவரின் கடமை. அது பணிவு அல்ல. சகோதரத்துவத்தில் தம் பங்கைச் செலுத்துவது.

இன்னும் சில காரியங்களும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. ஊரில் ஓட்டு இருக்கிறதென்று 20 வருடமாக இங்கே பெயர் பதியாமல் இருப்பவர்கள், குடியிருக்கும் இடத்திலேயே பதிந்துகொள்ளலாம். வைட்ஃபீல்டு அடங்கிய மகாதேவபுரம் சட்டசபைத் தொகுதி தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்ட தொகுதி; அங்கே ஓட்டுக்கு உள்ள ஒரே மதிப்பையும் போடாமல் விடுவது கையிலிருக்கும் பத்திரத்தைக் கிழிப்பதாகும். அறை கொடுக்கிறவர் வாடகையையும் முன்பணத்தையும் கேட்கலாம். தெருவைக் கேட்க வேண்டாம். மேஸ்திரியாயிருப்பவர் சனிக்கிழமைக் கூலியை வங்காளிக்கும் தமிழருக்கும் ஒரே கையால் எண்ணிக் கொடுக்கலாம்.

சுதந்திரம் வந்துவிட்டதால் இனி எது கெட்டாலும் பிரிட்டிஷார் மேல் பழி போட முடியாது, பழி நம்மையே சேரும் என்று 1949 நவம்பர் 25 அன்று அம்பேத்கர் சபைக்கு நினைவூட்டினார். அது டில்லியில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு மட்டும் சொன்னதல்ல. முன்வாசலில் தடுக்கப்படுகிறவர் அந்த வாசலைத் திறக்கச் சொல்லிக் கேட்க வேண்டியதுதான். அதற்கு முன், தம் அறை வாசலில் யாராவது நின்றுகொண்டிருக்கிறார்களா என்று ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட வேண்டும்.